ஒரு டெர்ம் பின்னால்

காட்பாடி ஸ்டேஷனில் கமலக்கண்ணன் மகளை வேகமாக நடந்து வருகிறவர்களுக்கு நடுவில் தேடிக்கொண்டிருந்தார். ஸ்வர்ணலதா எப்போதும் அப்படித்தான் நடப்பாள். பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளோடு சேர்ந்து போகிற பிள்ளைகள் பாதி தூரம் ஓடித்தான் ஆக வேண்டும். பெட்டியிலிருந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு, கடைசியில், ஓர் ஊன்றுகோல் பிளாட்பாரத்தைத் தொட்டது. அதன் பின்னால் அவள் இறங்கினாள். முடியைக் காதுக்குக் கீழே ஒட்ட வெட்டியிருந்தாள். முகம் கறுத்துச் சின்னதாகியிருந்தது. இடது காலில் முழங்கால் வரைக்கும் கட்டு.

“பையைப் புடிங்கப்பா” என்றாள். 

ஆரணி வந்து சேரும்வரை காரில் தூங்கிக்கொண்டே வந்தாள். கண்ணமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதும் எழுந்திருக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. வாடகைக் காரை ஓட்டி வந்தவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “மிலிட்டரின்னா சும்மாவா” என்றார். கமலக்கண்ணன் அவள் தலை கண்ணாடியில் மோதாதபடி தன் துண்டை மடித்து வைத்தார்.

கமலக்கண்ணன் ஆரணியில் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுகிறவர். பார்டர், முந்தி, புட்டா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பித் தறிக்காரர்களுக்குக் கொடுப்பார். மனைவி சசிகலா வாரத்தில் நான்கு நாள் மொபைலில் லைவ் போட்டு அந்தச் சேலைகளை விற்பார். ஒரே மகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஸ்வர்ணலதா முதல் ரேங்க். ஒரு தடவைகூட இரண்டாவது வந்ததில்லை. அது அந்த வீட்டில் பெருமையாகக்கூடப் பேசப்படுவதில்லை. தண்ணீர் வருகிற நேரம் மாதிரி, அது பாட்டுக்கு நடக்கிற ஒன்று.

பன்னிரண்டாவது முடித்ததும் ராணுவ அகாடமிக்குப் போகிறேன் என்றாள். ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்தாள். லட்சக்கணக்கானவர்கள் எழுதிய தேர்வு. நேர்முகத் தேர்வு ஐந்து நாள். கடைசியில் நாடு முழுவதற்கும் எடுத்த இருபது சொச்சம் பெண்களில் ஆரணிப் பெண் ஒருத்தி இருந்தாள்.

அகாடமி மகாராஷ்டிரத்தில் ஒரு மலையடிவாரத்தில் இருந்தது. அங்கே போய் ஒரு மாதத்துக்குள் அவள் ஒன்றைப் புரிந்துகொண்டாள். அங்கே வந்திருந்த எல்லோருமே அவரவர் ஊரில் முதலாவது. ராணுவப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அணிவகுப்பு புதிதில்லை. அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. அவளோடு ஒரே அறையில் இருந்த நவ்தீப் ஹரியானாவில் ஒரு கிராமத்துப் பெண்; பத்து வயதிலிருந்து ஓடுகிறவள். பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடி வந்துவிட்டு, இன்னும் உடை மாற்றக்கூட இல்லாமல், வாழைப்பழம் தின்றுகொண்டு ஸ்வர்ணலதா வந்து சேர்வதற்காகக் காத்திருப்பாள்.

முதல் ஆறு மாத டெர்மின் தேர்வு முடிவை ஒட்டியபோது ஸ்வர்ணலதா வழக்கப்படி பட்டியலின் உச்சியில் தன் பெயரைத் தேடினாள். அங்கே இல்லை. முதல் தாள் முடிந்து, இரண்டாவது தாளும் பாதி போனபிறகு இருந்தது. நூற்று எழுபத்து நான்கு. தன் பெயர்கூட இல்லை அது. அங்கே எல்லோரையும் கடைசிப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய சட்டையில் எழுதியிருந்தது அப்பாவின் பெயர். கமலக்கண்ணன் மெதுவாக ஓடுகிறான், கமலக்கண்ணன் கயிற்றில் பாதியில் நிற்கிறான் என்று யாரோ கத்தும்போதெல்லாம் அவளுக்கு ஆரணியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனுஷரைத் திட்டுகிற மாதிரி இருக்கும்.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் அதிகம் செய்வது. இரண்டாவது டெர்மில் மற்றவர்களுக்கு அரைமணி நேரம் முன்பே எழுந்து ஓடினாள். வகுப்பில் கண்ணைத் திறந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள். ஐந்தாவது வாரம் இடது காலில் முழங்காலுக்குக் கீழே வலி தொடங்கியது. மருத்துவ அறைக்குப் போனால் ஓட்டத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். விலக்கினால் இன்னும் பின்னால் போக வேண்டும். நவ்தீப்பிடம் வலி மாத்திரை இருந்தது. வேண்டாம் என்று சொன்னவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலில் பட்டையாகத் துணியைச் சுற்றிக்கொண்டு இருபத்து மூன்று நாள் ஓடினாள். இருபத்து நான்காம் நாள் முதுகில் மூட்டையோடு ஓடும்போது விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

எலும்பில் விரிசல். “எத்தனை நாளாக வலிக்கிறது?” என்று ராணுவ மருத்துவர் கேட்டார். “இரண்டு நாளாக” என்றாள். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. பிறகு ஆறு வாரம் வீட்டில் ஓய்வு. பன்னிரண்டாம் தேதிக்குள் திரும்பி வந்து, உடல் தகுதி இருக்கிறது என்று மருத்துவர் எழுதினால் இந்த டெர்மைக் காப்பாற்றலாம். இல்லாவிட்டால் டெர்ம் போய்விடும். ஆறு மாதம் பின்னால் தள்ளி, அடுத்து வந்தவர்களோடு சேர்த்துவிடுவார்கள். கூடப் படித்தவர்கள் எல்லோரும் சீனியர்கள் ஆகிவிடுவார்கள். நவ்தீப்பையும் நின்று ‘மேடம்’ என்று கூப்பிட வேண்டியிருக்கும்.

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. “பன்னண்டாந்தேதி போவணும்” என்று மட்டும் சொன்னாள்.

முதல் வாரம் தூங்கினாள். சசிகலா காலையில் இட்லி கொண்டுவந்து வைத்தால் சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவாள். பக்கத்து அறையில் அம்மா லைவில், “சிஸ்டர்ஸ், இது மாம்பழ மஞ்சள், பார்டர் அரக்கு, நேர்ல இன்னும் சூப்பரா கீது” என்று பேசுவது தூக்கத்துக்குள் வரும். நடுவில் ஒரு நாள், “எங்க பொண்ணு மிலிட்டரில இருந்து லீவுல வந்துகீறா சிஸ்டர்ஸ், பன்னண்டாந்தேதி திரும்பப் போறா” என்றதும் காதில் விழுந்தது.

இரண்டாவது வாரம் ஒரு தாளில் அட்டவணை போட்டாள். எந்த நாள் ஊன்றுகோலை விடுவது, எந்த நாள் எத்தனை அடி நடப்பது என்று. பதினான்காம் நாள் ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். இருபதாம் நாள் தெருமுனை பால்பூத்வரை நடந்தாள். பால்பூத் வேடியப்பன் அவளைப் பார்த்ததும் கையில் இருந்த பாக்கெட்டை வைத்துவிட்டு விறைப்பாக சல்யூட் அடித்தார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே அடித்தார். அவளும் நின்று திருப்பி அடிக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் பாலுக்கு அப்பாவையே அனுப்பினாள்.

முப்பதாம் நாள் உள்ளூரில் ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று அகாடமியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கமலக்கண்ணன் அவளை வண்டியில் உட்கார வைத்து ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனார். அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் சீட்டைப் பார்த்துப் படித்தாள்.

“கே. ஸ்வர்ணலதா. வயசு பத்தொம்போது.”

நிமிர்ந்தாள். சரண்யா.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. ஸ்வர்ணலதா முதல் ரேங்க் என்றால் சரண்யா இரண்டாவது. எல்லாத் தேர்விலும் அப்படித்தான்.

“செருப்பை வெளிய உடு” என்றாள் சரண்யா. “மேல ஏறிப் படு. மெதுவா.”

“இங்கயா கீற?”

“டிப்ளமோ ரெண்டாவது வருஷம். டிரெய்னிங்கு போட்டுகீறாங்க. காலை நேரா வை. அசையாத.”

அவள் கைகள் பழகிய கைகளாக இருந்தன. காலை இரண்டு பக்கமும் பிடித்து, ஒரு சின்ன மணல் பையை வைத்து நிறுத்திவிட்டு, அறைக்கு வெளியே போனாள். ஒரு சத்தம். திரும்பி வந்து காலைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தாள். இன்னொரு சத்தம்.

ஸ்வர்ணலதா எழுந்து உட்கார்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையில் தன் எலும்பு தெரிந்தது.

“எப்டி கீது?”

“டாக்டர்தான் சொல்லணும்.”

“உனக்குத் தெரியும்ல.”

 சரண்யா திரையை அவள் பக்கம் திருப்பினாள். “இது வரைக்கும் சேந்துகீது. இங்க பாரு, இந்தக் கோடு. இது இன்னும் போவல.”

“பத்து நாள்ல போயிடுமா?”

“நானா ஒட்டவைக்கிறேன்? ஆறு வாரம் ஆவும்னு நெனைக்கிறேன். நீ ஊனி நடந்துகினு இருந்தியா?”

 ஸ்வர்ணலதா வாசல் பக்கம் பார்த்தாள். “எங்கப்பாகிட்ட சொல்லாத.”

“ரிப்போர்ட்ல எழுதித்தானே வரும்.”

“ரிப்போர்ட்ட நான் வந்து வாங்கிக்கிறேன். நல்லாயிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்.”

“அங்க திரும்ப எடுக்க மாட்டாங்களா?”

“எடுப்பாங்க.”

“அப்புறம்?”

 வலி இல்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது சரண்யா கேட்டதும் ஸ்வர்ணலதாவுக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிந்தது.

சரண்யா ஃபிலிமை எடுத்து உறையில் போட்டாள். பெயர் எழுதினாள். எழுதிக்கொண்டே கேட்டாள்:

“அங்க எத்தினியாவது வந்த?”

ஆரணியில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. முதலாவதாகத்தான் இருப்பாள் என்று எல்லோருக்கும் நினைப்பு.

“நூத்தி எழுவத்தி நாலு.”

“எத்தினி பேர்ல?”

“முந்நூறு சொச்சம்.”

சரண்யா பேனாவை மூடினாள். “பொய் சொல்ல மாட்டேன் ஸ்வர்ணா. கேக்க சந்தோஷமா கீது.”

“பரவால்ல.”

“கால் ஒடஞ்சிடுச்சுன்னு எங்கம்மா வந்து சொன்னாங்க. அன்னிக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள். அப்புறம் பேஜாரா ஆயிடுச்சு. இதுக்கா சந்தோஷப்பட்டோம்னு.” உறையை மேசையில் தட்டிச் சரிசெய்தாள். “பரிட்ச மார்க் வந்தா எங்கம்மா மொதல்ல கேக்கறது இன்னா தெரியுமா? ஸ்வர்ணா எவ்ளோ? அப்புறம்தான் நீ எவ்ளோன்னு கேப்பாங்க. பத்தாவதுல நான் நானூத்தி எம்பத்தேழு. எங்க வூட்ல யாருக்கும் அது ஞாபகம் இல்ல. உன்து நானூத்தி தொண்ணூத்தொண்ணு. எல்லாருக்கும் ஞாபகம் கீது.”

“எனக்குத் தெரியாதுடி.”

“உனக்கு எப்டித் தெரியும். நான் உன்னையே நெனச்சிகினு உக்காந்திருப்பேன். உனக்குப் பின்னாடி யாரு உக்காந்துகீறாங்கன்னே நீ பாத்ததில்ல.”

கோபம் இல்லாமல்தான் சொன்னாள். பழைய கணக்குப் பாடம் ஒன்றை ஒப்பிக்கிற மாதிரி.

“அப்புறம் எப்டி?” என்று கேட்டாள் ஸ்வர்ணலதா.

“இன்னா எப்டி?”

“எப்டிச் சமாளிச்ச?”

“ஒண்ணும் சமாளிக்கல. காலைல எழுந்து போயித்தானே ஆவணும். போனேன். அதுக்கு இன்னா பண்றது.” வாசலில் அடுத்த ஆள் எட்டிப் பார்த்தார். ஒரு கிழவர், கை வீங்கியிருந்தது. “உள்ள வாங்க பெரியவரே. ஸ்வர்ணா, ரிப்போர்ட்டு நாளைக்கு மூணு மணிக்கு.”

மறுநாள் அவள் தனியாக ஆட்டோவில் போய் ரிப்போர்ட்டை வாங்கி வந்தாள். சரண்யா இல்லை. சரண்யா சொன்னதைத்தான் டாக்டரும் எழுதியிருந்தார். விரிசல் முழுமையாகச் சேரவில்லை, ஆறு வாரம் எடை கொடுக்கக் கூடாது. வீட்டில் வந்து, “நல்லாயிடுச்சாம்” என்றாள். கமலக்கண்ணன் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி, “அப்பாடா” என்றார். அன்று மாலையே சசிகலா முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்தார்.

அதற்கடுத்த நான்கு நாளும் வீட்டில் எல்லோரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள். ஸ்வர்ணலதாவுக்கு அதுதான் அலுப்பாக இருந்தது. சாப்பிட, குளிக்க, கேட்டதற்குப் பதில் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் தெம்பைத் திரட்ட வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் விடிந்ததும் கோட்டை மைதானத்துக்குப் போனாள். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மெதுவாக ஓடிப் பார்த்தாள். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் பாதியில் காலுக்குள் யாரோ ஊசியை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. நின்றாள். ஓரத்தில் இருந்த ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் நவ்தீப் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவர்களுக்கு மொபைல் கையில் கிடைக்கும். இருவரும் பாதி இந்தி, பாதி இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள்.

“பன்னிரண்டாம் தேதி வருகிறாயா?” என்று கேட்டாள் நவ்தீப். “உன் கட்டிலில் என் துணியைக் காயப்போட்டிருக்கிறேன். எடுக்கவா?”

“வருவேன்.”

“ஓடுகிறாயா?”

“ஓடுகிறேன்” என்றாள் ஸ்வர்ணலதா, கல்லில் உட்கார்ந்தபடியே. பிறகு பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டாள்: “மற்ற அகாடமிகளோடு நடக்கிற ஓட்டப் போட்டிக்கு அகாடமி அணி எடுத்துவிட்டார்களா? எத்தனையாவதாக ஓடுகிறாய்?”

 “நான் அணியில் இல்லை.”

“ஏன்?”

“ஒன்றுமில்லை. விடு.”

“நீ இல்லாமல் யார் ஓடுகிறார்கள்? ஏன் இல்லை?”

விடாமல் கேட்டபிறகுதான் சொன்னாள். ஸ்வர்ணலதா ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் அறையைச் சோதித்தார்கள். காலி மாத்திரை அட்டைகள் கிடைத்தன. யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது, நானாகத்தான் அவளுக்கு இரண்டு நாள் கொடுத்தேன் என்று நவ்தீப் சொல்லிவிட்டாள். அனுமதியில்லாமல் மருந்து வைத்திருந்ததற்கும், அதை இன்னொருத்திக்குக் கொடுத்ததற்கும் இருபத்தெட்டு நாள் தண்டனை. ஒவ்வொரு நாளும் மூட்டையோடு கூடுதல் அணிவகுப்பு. அணித் தேர்வு அந்த நாட்களுக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது.

“நான் கேட்டு வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாமே.”

“நீ டாக்டரிடம் இரண்டு நாள் வலி என்று சொல்லியிருந்தாய். நான் வேறு மாதிரி சொன்னால் நீ பொய் சொன்னதாக ஆகும். பொய்க்கு இங்கே என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும்.”

“இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லையே.”

“சொல்லி என்ன? உன் கால் சேரட்டும் என்று இருந்தேன்.” பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். “போகிறேன். கட்டிலைக் காலி செய்து வைக்கிறேன்.”

மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்வர்ணலதா அந்தக் கல்லிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிவிட்டது. நடக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. ஒரு களைப்புத்தான் வந்தது, எலும்புவரைக்கும். ஒன்றைக் காப்பாற்ற ஒன்று என்று எத்தனை நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று யோசித்தாள். வலியை மறைத்தது, நாள் கணக்கை மறைத்தது, ரிப்போர்ட்டை மறைத்தது. அவ்வளவையும் பிடித்துக்கொண்டு பன்னிரண்டாம் தேதி ரயில் ஏற அவளிடம் தெம்பு இல்லை.

அங்கிருந்தே தன் பிரிவின் அதிகாரியைக் கூப்பிட்டாள். கேப்டன், முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். ஞாயிறு காலையில் கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, வரிசையாகச் சொன்னாள். எலும்பு சேரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு மருத்துவர் சொல்லை மீறிக் காலை ஊன்றி நடந்தேன். வலி இரண்டு நாள் இல்லை, இருபத்து மூன்று நாள். மாத்திரை நான் கேட்டு வாங்கியது. கொடுத்தவள் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள்.

கேப்டன் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், “இந்த டெர்ம் போய்விடும். தெரிந்துதான் சொல்கிறாயா?” என்று கேட்டார்.

“தெரியும், மேடம்.”

“மருத்துவரிடம் பொய் சொன்னதற்குத் தனியாக விசாரணை இருக்கும்.”

“சரி, மேடம்.”

“ரிப்போர்ட்டை இன்றைக்கே அனுப்பு. ஊன்றுகோலை எடு.” பிறகு, “நவ்தீப்புக்கு முடிந்த தண்டனை முடிந்ததுதான். பதிவேட்டில் என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன்” என்றார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தாள். கமலக்கண்ணன் ஒரு முந்தி டிசைனில் மயில் கழுத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். சசிகலா முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஊன்றுகோலை எடுத்து ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“கால் சேரலப்பா. நான் பொய் சொன்னேன். பன்னண்டாந்தேதி போவல.”

எல்லாவற்றையும் சொன்னாள். டெர்ம் என்றால் என்ன, போனால் என்ன ஆகும் என்பதையும்.

சசிகலாவுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. “லைவ்ல சொல்லிட்டேனே. ஊருக்கே தெரியும். கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?”

“உண்மையச் சொல்லும்மா.”

“உண்மைன்னா? எங்க பொண்ணு பின்னாடி போயிட்டான்னா?”

“சசி, சித்த நேரம் சும்மா இரு” என்றார் கமலக்கண்ணன். பிறகு மகளிடம், “வேல போயிடுச்சா?” என்று கேட்டார்.

“போவலப்பா. ஆறு மாசம் பின்னாடி.”

“சரி.” அவர் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மயில் கழுத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினார், அதை அழித்தார், மறுபடி நிரப்பினார். அம்மா டப்பாவை மூடாமலேயே எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கமலக்கண்ணன் திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

“அது ஃபெயிலா பாப்பா?”

“ஃபெயில்னு இல்ல.” யோசித்தாள். “ஆமாப்பா. ஃபெயில் மாரிதான்.”

அந்த வார்த்தையை அவளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. கமலக்கண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்தார். “எனக்கு இதுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. நீ மார்க் ஷீட்ட கொண்ணாந்து குடுப்ப, நான் கையெழுத்துப் போடுவேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும். வேற பிள்ளைங்க அப்பாங்க இந்த மாரி நேரத்துல இன்னா பேசுவாங்களோ.” அவள் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, “உக்காரு. நின்னுகினே இருக்காத” என்றார்.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் காலை அதன்மேல் எடுத்து வைத்தார்.  சசிகலா மூன்று நாள் லைவ் போடவில்லை. நான்காம் நாள் போட்டார். பொண்ணு கிளம்பிட்டாளா சிஸ்டர் என்று யாரோ கேட்டதற்கு, “கால் இன்னும் சரியாவல சிஸ்டர், அப்புறமாத்தான் போவா” என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையைப் பிரித்தார்.

விடுப்பை நீட்டித்து உத்தரவு வந்தது. ஆறு வாரமும் அவள் உண்மையாகவே காலை ஊன்றவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, ஓடுவதைவிடக் கஷ்டம். அடுத்த எக்ஸ்ரேயையும் சரண்யாதான் எடுத்தாள். திரையைப் பார்த்துவிட்டு, “சேந்துடுச்சு” என்றாள். ஸ்வர்ணலதா, “சத்தியமா?” என்று கேட்டாள். “போயி டாக்டரைக் கேளு” என்றாள் சரண்யா. வேலை முடிந்திருந்ததால் இருவரும் வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்தார்கள்.  வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் கேட்டிருப்பதாகவும், நாற்பது பேர் கேட்டிருப்பதாகவும் சரண்யா சொன்னாள். “கெடைக்குமா?” என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினாள். காசை ஸ்வர்ணலதா கொடுக்கப் போனபோது, “வை, நான் குடுக்கறேன், நீ லீவுல கீற” என்றாள்.

அகாடமியில் விசாரணை ஒரு மணி நேரம் நடந்தது. இருபத்தொரு நாள் தண்டனை. அதையும், புது அறையையும், தன் பிரிவில் ஆறு மாதம் இளையவர்கள் நாற்பது பேரின் முகங்களையும் ஒரே வாரத்தில் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருதரம் படித்த பாடத்தையே மறுபடி படித்தாள். ஒருதரம் கற்ற அணிவகுப்பையே மறுபடி கற்றாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் பழைய பிரிவின் எண் அடித்துப் புதிது எழுதியிருந்தது.

முதல் வாரத்திலேயே உணவுக்கூடத்துக்குப் போகும் பாதையில் நவ்தீப் எதிரே வந்தாள். இரண்டு பக்கமும் மற்றவர்கள் இருந்தார்கள். ஸ்வர்ணலதா நின்று, விறைத்து, “குட் மார்னிங், மேடம்” என்றாள். நவ்தீப் நேராகப் பார்த்தபடி, “குட் மார்னிங், கமலக்கண்ணன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்தடி போனபின் அவள் நடை கொஞ்சம் தடுமாறியது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது. மாலையில் ஸ்வர்ணலதாவின் மேசையில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. யார் வைத்தார்கள் என்று புது அறைத்தோழிக்குத் தெரியவில்லை.

கால் வலித்த இரண்டு முறையும் மருத்துவ அறைக்குப் போனாள். ஒருமுறை நான்கு நாள், ஒருமுறை ஒரு வாரம் ஓட்டத்திலிருந்து விலக்கினார்கள். அந்த நாட்களில் மைதானத்தின் ஓரத்தில் நின்று மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தாள். பழக்கமாகவில்லை. ஆனாலும் நின்றாள்.

டெர்ம் முடிவில் ஓட்டத்தில் தேவையான நேரத்துக்குள் பதினோரு விநாடி மிச்சம் வைத்து வந்து சேர்ந்தாள். எல்லாம் சேர்த்து, எல்லாப் பிரிவுகளிலும் முந்நூறு சொச்சம் பேரில் அறுபத்தெட்டாவது இடம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“பாஸ்தானே?” என்றார் சசிகலா.

“பாஸ்மா.”

“சரி, உங்கப்பாகிட்ட குடுக்கறேன்.”

கமலக்கண்ணன் வாங்கி, “சாப்ட்டியா?” என்று கேட்டார். “இனிமேதான்பா.” “போயி சாப்டு. குரலே ஒரு மாரி கீது.”

மொபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்தாள். அன்று மதியம் பயிற்சி எதுவும் இல்லை. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள், சாப்பிடக்கூடப் போகாமல் படுத்தாள். இரண்டு மணி நேரம் யாரும் அவளை எழுப்பவில்லை.